அந்த 11 மதிப்பெண் எங்கே இருக்கிறது?

கேள்வி: பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. அப்பா தக்காளி விவசாயி. ஜார்ஜியாவில் ஆறு வருட மருத்துவப் படிப்பை முடித்துவிட்டு வந்து, வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே டாக்டராக எழுத வேண்டிய எஃப்எம்ஜிஇ தேர்வை இரண்டு முறை எழுதிவிட்டேன். முதல் முறை 128, இரண்டாம் முறை 139. அடுத்த தேர்வுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. வீட்டு வேலை, தோட்டத்து வேலை போக ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் படிக்க முடிகிறது. என் பெரிய பிரச்சினை முதல் வருடப் பாடங்கள். அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி மூன்றும் அடியோடு மறந்துவிட்டன. மாதிரித் தேர்வுகளில் இந்த மூன்றிலும் சேர்த்து 15-ஐத் தாண்டியதில்லை. வீடியோ வகுப்பு பார்க்கிறேன், கலர் கலராக நோட்ஸ் எழுதுகிறேன். கேள்வி வந்தால் கடைசியில் இரண்டு விடையில் மாட்டிக்கொண்டு தப்பானதைத் தொடுகிறேன். இந்தப் பாடங்களை விட்டுவிட்டு மெடிசின், சர்ஜரி மட்டும் படிக்கலாமா? இல்லை, கடன் வாங்கியாவது சென்னைக்குப் போய் கோச்சிங் சேரட்டுமா? இன்னொன்று: பக்கத்து ஊர் கிளினிக் ஒன்றில் இரவில் மட்டும் உட்காரச் சொல்கிறார்கள். அனுபவமும் கிடைக்கும், கொஞ்சம் பணமும் கிடைக்கும். போகலாமா?

பதில்: பாலக்கோடு வாசகிக்கு,

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 300-க்கு 150 எடுத்தால் தேர்ச்சி. உங்களுக்கு வேண்டியது இன்னும் 11. அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி ஒவ்வொன்றுக்கும் 17 வீதம் மொத்தம் 51 மதிப்பெண். அதில் 15 எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நான்கு விடைகளில் ஏதோ ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே 51-க்குச் சராசரியாக 12, 13 வந்துவிடும். அப்படியானால் இந்த மூன்று பாடங்களிலும் உங்கள் படிப்பு உங்களுக்குச் சம்பாதித்துத் தருவது இரண்டு அல்லது மூன்று மதிப்பெண்தான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், இதை நல்ல செய்தியாகத்தான் சொல்கிறேன். மெடிசினில் ஏற்கெனவே பாதிக்கு மேல் எடுப்பவர் இன்னும் ஐந்து கூட்ட வேண்டுமென்றால் மூச்சு முட்டும். ஏறக்குறைய தரையில் கிடக்கிற இந்த 15-ஐ 26 ஆக்குவது அதைவிட எளிது. 26 ஆனாலே 150 வந்துவிட்டது. அதற்கு மேல் பத்தாலஜி, மைக்ரோபயாலஜி, பார்மகாலஜி 13 வீதம், ஃபாரன்சிக் 10. முதல் இரண்டு வருடப் பாடங்கள் மட்டும் 100 மதிப்பெண் ஆகின்றன. மூன்றில் ஒரு பங்கை விட்டுவிட்டு, மிச்சம் 200-இல் 150 எடுப்பேன் என்று கிளம்புவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அதற்காக அனாட்டமி புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கவும் வேண்டாம். போன இரண்டு முறையும் அதைத்தான் செய்திருப்பீர்கள் என்பது என் ஊகம். அக்குளில் ஆரம்பித்து, அடிவயிற்றுக்கு வருவதற்குள் தேர்வே வந்திருக்கும். உங்களுக்குப் பாடங்கள் மறந்துவிட்டன என்பதைவிட, ஒன்றோடொன்று அறிமுகமே ஆகாமல் இருக்கின்றன என்பதுதான் சரி. பிசியாலஜியை ஒரு வருடம், பார்மகாலஜியை இன்னொரு வருடம், மெடிசினை வேறொரு வருடம் படித்தோம். தேர்வில் வரும் நோயாளிக்கு அந்த வருடக் கணக்கெல்லாம் தெரியாது. ஒரு நோயை எடுத்துக்கொண்டு, அது எந்தெந்தப் பாடத்துக்குள் இறங்குகிறது என்று பார்த்துப் படிக்க வேண்டும்.

நம் ஊர் நோயாளி ஒருவரையே எடுத்துக்கொள்வோம்.

கட்டுவிரியன் கடித்தவரைப் பார்க்காமல் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஒரு டாக்டர் காலம் தள்ள முடியாது. தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தவரை ராத்திரியில் கடித்திருக்கும். கடித்த இடத்தில் வீக்கமோ வலியோ பெரிதாக இருக்காது, சில சமயம் பல் பட்ட அடையாளம்கூடத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருவார். கொஞ்ச நேரத்தில் இமை தொங்கும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, அப்புறம் மூச்சு. இவருக்கு என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் நரம்பும் தசையும் சந்திக்கும் இடம் தெரிய வேண்டும். பிசியாலஜியில் நீங்கள் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன நியூரோமஸ்குலர் ஜங்ஷன்தான் அது.

ஒரு வெள்ளைத் தாளில் அதை வரையுங்கள். நரம்பு முனைக்கு மின்தூண்டல் வருகிறது. கால்சியம் வாயில்கள் திறக்கின்றன. உள்ளே வந்த கால்சியம் அசிடைல்கோலின் பைகளைச் சவ்வோடு ஒட்ட வைக்கிறது. ஒட்டுவதற்கு ஸ்னேர் புரதங்கள் வேண்டும். அசிடைல்கோலின் இடைவெளியைக் கடந்து தசையில் உள்ள நிகோட்டினிக் ஏற்பியில் உட்காருகிறது. சோடியம் உள்ளே பாய்கிறது, தசை சுருங்குகிறது. வேலை முடிந்ததும் அசிடைல்கோலினெஸ்டரேஸ் என்சைம் வந்து அசிடைல்கோலினை உடைத்துப் போடுகிறது. படம் இவ்வளவுதான். இப்போது ஒவ்வொரு படியிலும் யார் வந்து கெடுக்கிறார்கள் என்று எழுதுங்கள்.

கால்சியம் வாயிலுக்கு எதிராக உடம்பே ஆன்டிபாடி தயாரித்தால் லாம்பர்ட்-ஈட்டன் என்ற தசை பலவீன நோய். நுரையீரலின் ஸ்மால் செல் புற்றுநோயோடு சேர்ந்து வரும். இங்கே தசையைத் திரும்பத் திரும்ப இயக்கினால் பலம் கூடும், ஏனென்றால் நரம்பு முனையில் கால்சியம் சேர்ந்துகொண்டே போகிறது. ஸ்னேர் புரதத்தை வெட்டுவது பாட்டுலினம் பாக்டீரியாவின் நஞ்சு. மைக்ரோபயாலஜிக்கு ஒரு கேள்வி ஆயிற்று. நரம்பு முனையையே சிதைத்து, பைகளைக் காலி செய்வது கட்டுவிரியன். ஏற்பியின் மேல் போய் உட்கார்ந்து வழியை அடைப்பது நல்ல பாம்பு. அதே ஏற்பிக்கு எதிராக ஆன்டிபாடி வந்தால் மயஸ்தீனியா கிராவிஸ். இங்கே திரும்பத் திரும்ப இயக்கினால் பலம் குறையும். அதே ஏற்பியை மயக்க மருந்து டாக்டர் வேண்டுமென்றே அடைப்பது வெக்குரோனியம். என்சைமை முடக்குவது பூச்சிமருந்து, அதாவது ஆர்கனோபாஸ்பரஸ்.

இந்த ஒரு படம் கையில் இருந்தால் சிகிச்சையைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நியோஸ்டிக்மின் என்ன செய்கிறது? என்சைமை நிறுத்தி, இடைவெளியில் அசிடைல்கோலினைக் கூட்டுகிறது. நல்ல பாம்புக் கடியில் ஏற்பிக்காக நஞ்சும் அசிடைல்கோலினும் போட்டி போடுகின்றன, அதனால் அசிடைல்கோலின் கூடினால் பலன் உண்டு. கட்டுவிரியன் கடியில் நரம்பு முனையிலிருந்து எதுவுமே வெளியே வரவில்லை. வராததை உடைக்காமல் காப்பாற்றி என்ன பயன்? அதனால்தான் அங்கே நியோஸ்டிக்மின் பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. விஷமுறிவு மருந்து கொடுத்த பிறகும், நரம்பு முனை மறுபடி வளரும்வரை நாள்கணக்கில் வென்டிலேட்டரில் வைத்திருக்க வேண்டி வருகிறது. நியோஸ்டிக்மினோடு ஏன் அட்ரோபின் சேர்க்கிறோம்? கூடிய அசிடைல்கோலின் தசையோடு நிற்காமல் இதயத்துக்கும் மூச்சுக்குழாய்க்கும் போய், மஸ்கரினிக் ஏற்பிகளில் வேலை காட்டும், அதை அட்ரோபின் தடுக்கும் என்பதால்.

பூச்சிமருந்து குடித்து வந்தவருக்கு அட்ரோபின் கொடுத்ததும் எச்சிலும் நெஞ்சுச் சளியும் வற்றுகின்றன, ஆனால் தசை பலவீனம் அப்படியே இருக்கிறது. ஏன்? அட்ரோபின் நிகோட்டினிக் ஏற்பியைத் தொடுவதே இல்லை. என்சைமை மீட்க பிராலிடாக்சிம் வேண்டும், அதுவும் விஷம் என்சைமோடு பிரிக்க முடியாதபடி இறுகுவதற்கு முன்னால். பிரசவ வார்டில் எக்லாம்ப்சியா என்ற வலிப்புக்கு மெக்னீசியம் சல்பேட் போடும்போது ஒவ்வொரு முறையும் ஏன் முழங்காலைத் தட்டிப் பார்க்கிறார்கள்? மெக்னீசியம் கால்சியத்தின் இடத்தைப் பிடித்து, அசிடைல்கோலின் வெளிவருவதைக் குறைக்கிறது. அளவு கூடினால் முதலில் முழங்கால் அனிச்சை போகும், பிறகுதான் மூச்சு நிற்கும். முறிவு மருந்து கால்சியம் குளுக்கோனேட் என்பதை இனிமேல் மறக்க முடியுமா?

எண்ணிப் பாருங்கள். பிசியாலஜி, பார்மகாலஜி, மைக்ரோபயாலஜி, ஃபாரன்சிக், மெடிசின், மயக்கவியல், மகப்பேறு என்று ஏழு பாடங்கள் ஒரே தாளில் வந்துவிட்டன. இரண்டு விடையில் மாட்டிக்கொள்கிறேன் என்றீர்களே, அது நடப்பதே இங்கேதான். மயஸ்தீனியாவா லாம்பர்ட்-ஈட்டனா என்று கேள்வி தவிக்க விடும்போது, முடிவு செய்யும் வார்த்தை கேள்விக்குள்ளேயே இருக்கும்: இயக்க இயக்கப் பலம் கூடியதா, குறைந்ததா? அறிகுறிகளைப் பட்டியலாக மட்டும் படித்தவருக்கு அந்த வார்த்தை கண்ணில் படாது. படம் வரைந்தவருக்குப் படும்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். இந்தப் படத்தை நோட்டைப் பார்த்து வரைந்தால் பிரயோசனம் இல்லை. மூடி வைத்துவிட்டு வரைய வேண்டும். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களை வைத்துச் செய்த சோதனை ஒன்று உண்டு. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நன்றாகச் சொன்னார்கள். படித்துவிட்டு, மூடி வைத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களோ ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது முந்திவிட்டார்கள். உங்கள் தேர்வு ஐந்து நிமிடம் கழித்து வரப்போவதில்லை. கலர் பேனா நோட்ஸ் மனசுக்குத் திருப்தி தரும், தலையில் எதையும் நிறுத்தாது. வீடியோவும் அப்படித்தான். பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், புரிந்தது அந்த ஆசிரியருக்கு. வீடியோவை விட்டுவிடச் சொல்லவில்லை. 20 நிமிடம் பார்த்தால் நிறுத்திவிட்டு, 10 நிமிடம் வெற்றுத் தாளில் எழுதுங்கள். எழுத வராத இடம்தான் அடுத்து படிக்க வேண்டிய இடம்.

அந்த வெற்றுத் தாள் வேலைக்கு உங்கள் வீட்டிலேயே இன்னொரு நல்ல சாதனம் இருக்கும்: மாத்திரை அட்டை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை இன்று வீடு தேடி வருகிறது. பாட்டியோ பெரியப்பாவோ பக்கத்து வீட்டு அக்காவோ சாப்பிடும் மாத்திரைகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள்: உடம்பில் எந்த இடத்தில் வேலை செய்கிறது, அந்த இடத்தில் இயல்பாக என்ன நடக்கும், இது வந்து எதை மாற்றுகிறது, அதே காரணத்தால் என்ன பக்கவிளைவு வரும், யாருக்குக் கொடுக்கக் கூடாது?

மெட்ஃபார்மின் கல்லீரலில் புதிதாகக் குளுக்கோஸ் உற்பத்தியாவதைக் குறைக்கிறது. இன்சுலினைப் பிழிந்து வெளியே தள்ளுவதில்லை. அதனால் தனியாகச் சாப்பிடும்போது சர்க்கரை ஆபத்தாகத் தாழ்வது அபூர்வம். கிளிமிபிரைடு கணையத்தின் பீட்டா செல்லில் பொட்டாசியம் வாயிலை மூடி, ரத்தத்தில் சர்க்கரை இருக்கிறதோ இல்லையோ இன்சுலினை வெளியேற்றுகிறது. சாப்பாட்டைத் தவிர்த்தால் மயங்கி விழுவார்கள். பெரியம்மாவுக்கு அம்லோடிபின் சாப்பிட்டுக் கால் வீங்கியிருக்கிறதா? தமனியின் சின்னக் கிளைகள் விரிந்து, அழுத்தம் தந்துகியில் ஏறியதால் நீர் கசிகிறது. உடம்பில் உப்பும் நீரும் கூடியதால் வந்த வீக்கம் இல்லை இது, அதனால் நீர் பிரியும் மாத்திரை கொடுத்தால் பெரிதாக வடியாது. எனலாப்ரில் சாப்பிடுபவருக்கு வறட்டு இருமல் வருவது, அந்த மாத்திரை தடுக்கும் ஏ.சி.இ. என்சைம்தான் பிராடிகைனினையும் உடைக்க வேண்டியிருப்பதால். லோசார்ட்டனுக்கு மாற்றினால் பெரும்பாலும் இருமல் நின்றுவிடும். பயோகெமிஸ்ட்ரி, பிசியாலஜி, பார்மகாலஜி என்று பிரிக்க முடியாதபடி இவை ஒன்றாகவே வருவதைக் கவனித்தீர்களா?

பயோகெமிஸ்ட்ரியை நீங்கள் வெறுப்பது கடிதத்திலேயே தெரிகிறது. சுழற்சிப் படங்களை முழுதாக மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒவ்வொரு பாதையிலும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் என்சைம் எது, அது இல்லாவிட்டால் எது தேங்கும், எது கிடைக்காமல் போகும், எந்த வைட்டமின் அதற்குத் துணை என்று மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். குடிப்பழக்கம் உள்ளவர் குழப்பத்தோடு வந்தால் குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் கொடுக்க வேண்டும் என்று மெடிசினில் படித்திருப்பீர்கள். பைருவேட் டிஹைட்ரோஜினேஸ் என்சைமுக்குத் தயமின் இல்லாமல் வேலை ஓடாது. அந்த நிலையில் குளுக்கோஸை மட்டும் ஊற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சத் தயமினும் செலவாகி வெர்னிக்கி மூளைப் பாதிப்பு வரலாம். காரணத்தோடு படித்தால் கேள்வியை எந்தப் பக்கம் திருப்பிக் கேட்டாலும் விடை வரும்.

நம் மாவட்டம் பயோகெமிஸ்ட்ரிக்கென்றே ஒரு பாடம் வைத்திருக்கிறது. பென்னாகரத்துப் பெரியவர்களின் பல்லைப் பாருங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வரும்வரை போர் தண்ணீரைக் குடித்து வளர்ந்த தலைமுறை. தண்ணீரில் ஃப்ளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் அபாயம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பல் உருவாகும் வயதில் ஃப்ளூரைடு அதிகமானால் எனாமல் உருவாக்கும் அமெலோபிளாஸ்ட் செல்களின் வேலை கெட்டுப் பல்லில் கறை விழும். அதனால் முப்பது வயதில் இங்கே குடிவந்தவருக்குப் பல் கறை வராது. எலும்பு பாதிப்பு மட்டும் வரலாம். எலும்புத் தாதுவில் ஹைட்ராக்சில் இருக்க வேண்டிய இடத்தில் ஃப்ளூரைடு ஏறிக்கொள்கிறது, எலும்பு அடர்த்தியாகிறது, தசைநார்கள் கல்லாகின்றன. முன்கை எக்ஸ்ரேயில் இரண்டு எலும்புக்கும் நடுவிலுள்ள சவ்வில் கால்சியம் படிந்திருந்தால், ரேடியாலஜி கேள்விக்கு விடை ஃப்ளூரோசிஸ். ஃப்ளூரைடை நீக்க நல்கொண்டா முறை, அதில் படிகாரமும் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும்: கம்யூனிட்டி மெடிசின். ரத்தச் சர்க்கரைப் பரிசோதனைக் குழாயில் சோடியம் ஃப்ளூரைடு போடுவதற்குக் காரணம், அது ஈனோலேஸ் என்சைமை நிறுத்தி, குழாய்க்குள் ரத்த செல்கள் குளுக்கோஸைத் தின்றுவிடாமல் காக்கிறது. இதை எந்தக் கோச்சிங் நோட்டிலும் தனித்தனி அத்தியாயத்தில்தான் வைத்திருப்பார்கள். நீங்கள் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்தம் உறைதல் என்ற பாடத்தைப் படிக்கக் கண்ணாடி விரியன் போதும். காய்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்கும் சோதனை தெரியும்தானே? ஏன் கண்ணாடி, ஏன் பிளாஸ்டிக் கூடாது? கண்ணாடிப் பரப்பு 12-ஆம் காரணியைத் தூண்டுகிறது. ஏன் சோப்புப் போட்டுக் கழுவிய குழாய் ஆகாது? சோப்பு மிச்சமிருந்தால் அந்தத் தூண்டல் நடக்காமல், நல்ல ரத்தமே உறையாத மாதிரி காட்டும். விரியன் நஞ்சு 10-ஆம் காரணியைத் தூண்டி, உறையவைக்கும் சரக்கை எல்லாம் வீணாகச் செலவழிக்க வைக்கிறது. இங்கிருந்து பி.டி., ஏ.பி.டி.டி. என்ற உறைதல் சோதனைகளின் வேறுபாடு, வார்ஃபரின், வைட்டமின் கே, ஹீமோஃபீலியா எல்லாவற்றுக்கும் நீங்களே நூல் பிடித்துப் போய்விடலாம்.

அனாட்டமியில்தான் நான் கறாராக இருக்கச் சொல்வேன். 17 மதிப்பெண்ணுக்கு முழு உடம்பையும் படிக்க ஐந்து மாதமும் போதாது. நரம்புக் காயங்கள், மண்டையோட்டுத் துளைகளும் அவற்றின் வழியே போகிறவையும், தொண்டை வளைவுகளின் கருவியல், குடலிறக்கக் கால்வாய், இதயத்தின் ரத்தக் குழாய்கள், மூளைத்தண்டு, திசுவியலில் எந்த உறுப்புக்கு எந்தப் புறப்படலம்: இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளலாம். மிச்சத்தைச் சர்ஜரியும் எலும்பியலும் படிக்கும்போது போகிற போக்கில் பாருங்கள். புளி உலுக்க மரமேறி விழுந்தவருக்கு மேற்கை எலும்பின் நடுப்பகுதி முறிந்து, மணிக்கட்டைத் தூக்க முடியவில்லை என்றால் ரேடியல் நரம்பு. ஆனால் முழங்கையை நீட்ட அவரால் முடியும், ஏனென்றால் ட்ரைசெப்ஸுக்கான கிளைகள் பெரும்பாலும் அதற்கு மேலேயே பிரிந்துவிட்டன. தேர்வில் கேட்கப்போவது அந்த "ஆனால்"தான்.

ஐந்து மணி நேரத்தைப் பற்றி. அது போதும். காலையில் தோட்டத்துக்குக் கிளம்பும் முன் இரண்டரை மணி நேரம் புதிதாக ஒரு பகுதி. சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் அதே பகுதியில் கேள்விகள் மட்டும். கடைசி ஒரு மணி நேரம் போன வாரம் படித்ததைப் பார்க்காமல் எழுதுவது. தக்காளி பறிக்கும் நாளில் புதிய பகுதியை விட்டுவிடுங்கள், கேள்வியை விடாதீர்கள். வாரத்துக்கு ஒரு மண்டலம் வைத்துக்கொள்ளலாம். நரம்பும் தசையும் முடிந்தால் இதயம், பிறகு சிறுநீரகம், ரத்தம், நாளமில்லாச் சுரப்பிகள், நுரையீரல் என்று போகலாம். வரிசை எப்படி இருந்தாலும் பரவாயில்லை. ஒரு மண்டலத்தை எடுத்தால் அதன் பிசியாலஜி, பத்தாலஜி, மருந்து மூன்றையும் அதே வாரத்தில் முடிக்க வேண்டும். சிறுநீரகம் படிக்கும் வாரத்தில் நெஃப்ரான் படத்தின் மேலேயே நீர் பிரிக்கும் மருந்துகளான ஃபுரோசமைடும் தயசைடும் எங்கே வேலை செய்கின்றன என்று எழுதாவிட்டால் அந்த வாரம் பாதிதான். ஞாயிற்றுக்கிழமை 150 கேள்வியை 150 நிமிடத்தில், நடுவில் எழுந்திருக்காமல் எழுதுங்கள். தேர்வு நாளில் இப்படி இரண்டு தாள் எழுத வேண்டும், உடம்பும் அதற்குப் பழக வேண்டும்.

தப்பான விடைகளுக்கென்று ஒரு நோட்டு போடுங்கள். சரியான விடையை மட்டும் அதில் எழுதினால் போதாது, ஏன் தப்பாயிற்று என்றும் எழுதுங்கள். விஷயமே தெரியவில்லையா, தெரிந்தும் "தவிர" என்ற வார்த்தையைப் பார்க்காமல் விட்டீர்களா, இரண்டில் ஒன்றைப் பிரிக்கத் தெரியவில்லையா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. முதல் வகைக்குப் படிக்க வேண்டும், இரண்டாவதற்கு நிதானம் வேண்டும். மூன்றாவது வகைதான் உங்கள் 11 மதிப்பெண் ஒளிந்திருக்கும் இடம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எந்த ஒரு அறிகுறி இரண்டையும் பிரிக்கிறது என்று ஒரே வரியில் எழுதிவையுங்கள். இந்தத் தேர்வில் தப்பான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, அதனால் ஒரு கேள்வியைக்கூடக் காலியாக விடக் கூடாது. குறித்த விடையை மாற்றத் தோன்றினால், காரணம் சொல்ல முடிந்தால் மாற்றுங்கள். மனசு உறுத்துகிறது என்பது காரணமாகாது.

படித்ததை வீட்டில் யாருக்காவது தமிழில் சொல்லிப் பாருங்கள். நாம் படிப்பது ஆங்கிலத்தில், அந்த வாக்கியங்களை அர்த்தம் தெரியாமலே ஒப்பிக்க முடியும். அப்பாவிடம் பூச்சிமருந்து நுரையீரலை என்ன செய்யும் என்று சொல்லும்போது அப்படி ஒப்பேற்ற முடியாது, அவர் நடுவில் கேள்வி கேட்பார். மருந்து தெளிக்கும்போது அவருக்கும் அது உதவும்.

சென்னைக் கோச்சிங் விஷயத்தில் என் கருத்தைக் கேட்டால், கடன் மேல் கடன் வேண்டாம். 128-லிருந்து 139-க்கு வீட்டில் இருந்தபடிதான் வந்திருக்கிறீர்கள். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாதது உங்கள் குறையாக எனக்குத் தெரியவில்லை, எடுத்து எழுதிப் பார்க்காததுதான் குறை. அதற்கு விடுதி வாடகை தேவையில்லை. வீட்டில் சத்தமாக இருந்தால் தருமபுரி மாவட்ட மைய நூலகத்துக்கு வாரம் இரண்டு நாள் போய்வாருங்கள். உங்களைப் போலவே வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து எழுதுகிற ஒருவர், இருவர் காரிமங்கலத்திலோ ஊத்தங்கரையிலோ இல்லாமல் போக மாட்டார்கள். தேடிப் பிடித்து, தினம் ராத்திரி அரை மணி நேரம் போனில் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். எஃப்எம்ஜிஇ-க்குப் பதிலாக நெக்ஸ்ட் தேர்வு வரப்போகிறது, இனி எல்லாம் மாறிவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். 2023-இல் விதிமுறைகளை வெளியிட்டு, அடுத்த மாதமே தள்ளிவைத்தார்கள். எந்தத் தேர்வாக இருந்தாலும் இந்த அடிப்படைதான் கேட்பார்கள்.

கடைசியாகக் கிளினிக். போகாதீர்கள் அம்மா. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. இந்தத் தேர்வில் தேறி, பயிற்சிக் காலத்தை முடித்து, மெடிக்கல் கவுன்சிலில் பதிவு பெறும்வரை நீங்கள் தனியாக ஒரு நோயாளிக்கு மருந்து எழுத முடியாது. 2019-ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி, பதிவில்லாமல் மருத்துவம் பார்த்தால் ஓராண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இரவில் மட்டும்தான், பெரிய டாக்டர் போனில் இருப்பார் என்று சொல்வார்கள். ராத்திரி மூன்று மணிக்கு வயிற்றுவலி என்று ஒருவர் வந்து, நீங்கள் அல்சர் ஊசி போட்டு அனுப்பி, விடிந்ததும் அவருக்கு இமை தொங்கினால், எஃப்.ஐ.ஆரில் பெரிய டாக்டர் பெயர் இருக்காது. பணம் கொஞ்சமாவது வந்தே ஆக வேண்டிய நிலை என்றால், அக்கம்பக்கத்துப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுங்கள். நெஃப்ரானையும் நரம்பையும் வாரத்துக்கு நாலு முறை கரும்பலகையில் வரைய வேண்டியிருக்கும்.